கையாட்டிய தாடிக்காரன்

பழவங்காடியை நெருங்கும்போது மழை தூறத் தொடங்கிவிட்டது. நான் நிற்கவில்லை. நெஞ்சோடு அணைத்திருந்த அட்டைப்பெட்டியின் மேல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் வாங்க நின்ற கூட்டத்துக்குள் புகுந்து நடந்தேன். உள்ளே யாரோ வேண்டுதலுக்கு உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் பின் ஒன்றாகக் காய்கள் கல்லில் மோதிச் சிதறின. எந்தச் சத்தத்துக்கும் பெட்டிக்குள் அசைவு இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. உடம்பு நன்றாக இருந்தால் முதல் காய்க்கே அது பெட்டியைப் பிறாண்டியிருக்கும்.

உள்ளே இருந்தது ஒரு பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஓணான். வளர்ந்தால் ஒரு முழத்துக்கு மேல் வருமாம். இது குட்டி, வாலோடு சேர்த்து ஒரு சாண்தான். கழுத்துக்குக் கீழே முள்முள்ளாகத் தோல் தொங்கும். கோபம் வந்தால் அதை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும். அதனால் வீட்டில் அதற்குத் தாடிக்காரன் என்று பெயர் வந்தது. அந்த வீட்டிலிருந்துதான் யாரிடமும் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

இதைக் கேட்கும் நீங்களும் நானும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். ஊர் ஊராக வேலை பார்த்து, முப்பதைத் தொடும் முன்பே முழங்காலும் கடைவாய்ப் பல்லும் போய், பார்ப்பவர்கள் ஐம்பது என்று நினைக்கும்படி ஆகிவிட்டோம். உங்களில் பலருக்கும் பிறந்த வீடு தவிர வளர்ந்த வீடு ஒன்று இருந்திருக்கும். வேளைக்குச் சோறு தந்த வீடு, குறை சொல்ல எதுவும் இல்லாத வீடு. எனக்கு அது ஆரியசாலையில் சித்தியின் வீடு.

அம்மா நாகர்கோவிலில் இறந்த பிறகு அப்பா லாரியோடு வடக்கே போனார். அங்கேயே யாரோடோ தங்கிவிட்டதாகக் கேள்வி. அம்மாவின் தங்கை வந்து என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனாள். சித்தப்பாவுக்கு வற்றல் மிளகாய், மல்லி, புளி மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. மாடியில் தெருவைப் பார்த்த அறையை எனக்குத் தந்தார்கள். பகல் முழுக்க மிளகாய்க் காரம் படியேறி வரும். கீழே சுமட்டுக்காரர்கள் மூட்டையை இறக்கும்போது அறையின் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வுதான் எனக்கு வெளியுலகம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மலையாளத்தில் பேசி மலையாளத்தில் சிரித்தார்கள். எனக்கு எது சிரிப்பு என்று பிடிபடும்போது அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் பாதி நாட்கள் போகவே இல்லை. போகும் வேஷத்தில் கிளம்பி, கோட்டைச் சுவர் ஓரமாக நடந்துவிட்டு வந்துவிடுவேன். முடிவு வந்தபோது சித்தப்பா கோபப்படவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் சித்தி என்னைப் பற்றிச் சொல்வது ஒரே வாக்கியம்தான். "அவன் இருக்கிய எடமே தெரியாது." அது பாராட்டு. நானும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, இருக்கும் இடம் இன்னும் தெரியாமல் இருக்கப் பழகினேன்.

தாடிக்காரனைக் கொண்டுவந்தது அவர்களுடைய ஒரே மகன். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். நகரத்து விளிம்பில் கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நண்பர்களோடு ஃபிளாட்டில் வாசம். அங்கே ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான். வாங்கிய கொஞ்ச நாளிலேயே கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியது. ஓணம் கழிந்துதான் வருவான். கண்ணாடித் தொட்டி, ஒரு குண்டு பல்ப், ஒரு நீளமான வெள்ளைக் குழல் விளக்கு, எல்லாவற்றையும் காரில் போட்டுக் கொண்டுவந்து மாடியேற்றினான்.

சித்தி வாசலிலேயே நின்றாள். "இது என்னத்தலே திங்கும்?"

"கீரை, காய், பழம். நம்மள மாதிரி சைவம்மா."

அது முழுப் பொய் அல்ல. வளர்ந்தவை பெரும்பாலும் தழைதான் தின்னும். வளரும் குட்டிக்குப் பூச்சி வேண்டும், நாள்தோறும் வேண்டும். அதைச் சொன்னால் தொட்டி வாசலைத் தாண்டாது என்று அண்ணனுக்குத் தெரியும். பூச்சியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. கீழே காரை எடுக்கச் சொல்லி யாரோ ஹாரன் அடித்தார்கள். இரண்டு விளக்கையும் தவறாமல் போடு என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு இறங்கி ஓடினான்.

சித்தி அதை வெறுத்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். என் அறையில் கிழக்குப் பார்த்த கண்ணாடி ஜன்னலை ஒட்டித் தொட்டியை வைக்கச் சொன்னதே அவள்தான். காலை வெயில் விழட்டும் என்றாள். பசலைக்கீரையைக் கிள்ளி, வெள்ளரியைப் பொடியாக நறுக்கி, மாதுளை முத்தை நசுக்கி ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் வைப்பாள். அது அண்ணன் குழந்தையாக இருந்தபோது சோறு ஊட்டிய கிண்ணம். வெள்ளிக்கிழமை வெதுவெதுப்பான தண்ணீரில் துளி மஞ்சள் போட்டுக் குளிப்பாட்டுவாள். குளித்து முடித்ததும் தொட்டிக் கண்ணாடியில் திருநீறு பூசுவாள். எனக்கு அவள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டதாக நினைவில்லை. அதற்காக நான் பொறாமைப்படவில்லை. அவள் அதைக் குளிப்பாட்டும்போது அறையில் இன்னொரு ஆள் குரல் கேட்குமே, அது போதுமாக இருந்தது.

விளக்கு விஷயத்தில்தான் தப்பு நடந்தது. அந்த வீட்டில் பகலில் விளக்கு எரியக்கூடாது. மழை மூடி இருட்டினாலும் கடைக்குள் சித்தப்பா ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்வாரே தவிர சுவிட்சைப் போடமாட்டார். அந்தியில் சித்தி சாமி விளக்கை ஏற்றிய பிறகுதான் மற்ற விளக்குகள். தாடிக்காரனுக்கும் அதே ஒழுங்கு வந்தது. சாமி விளக்கு எரிந்ததும் அவள் என் அறைக்கு வந்து குண்டு பல்பையும் குழல் விளக்கையும் போடுவாள்; தூங்கப் போகும்போது அணைப்பாள். காலையில் கண்ணாடி வழி வெயில், இரவில் அண்ணன் சொன்ன இரண்டு விளக்கு. எதிலும் குறை வைக்கவில்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

ஜூன் மாதத்து எடவப்பாதி மழை தொடங்கியதும் அந்த வெயிலும் போயிற்று. அறைச் சுவரில் ஈரம் ஏறியது. என் பாயில் பூஞ்சை வாசம். தாடிக்காரன் குண்டு பல்புக்கு அடியில் இருந்த கல்லில் ஏறிப் படுப்பதை விட்டு, மூலையில் போய்க் கிடக்க ஆரம்பித்தது. கீரையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஒரு நாள் அந்தியில் மழை விட்டு ஈசல் கிளம்பியது. ஜன்னல் இடுக்கு வழியாக நூற்றுக்கணக்கில் வந்து குழல் விளக்கைச் சுற்றின. மூடியின் கம்பிவலைக்குள் புகுந்து சில தொட்டிக்குள் விழுந்தன. அப்போதுதான் தாடிக்காரன் யார் என்று நான் பார்த்தேன். மூலையில் கிடந்தது தலையைத் தூக்கியது. நாக்கு வெளியே வந்து போனது. விழுந்து எழுந்து தடுமாறி ஓடி, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று பொறுக்கித் தின்றது. சிறகுகள் வாயோரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. சித்தி வந்து எட்டிப் பார்த்தாள்.

அவள் திட்டவில்லை. விளக்கை அணைத்தாள். இருட்டில் தென்னந்துடைப்பத்தின் நுனியால், நசுங்காமல், மிச்ச ஈசல்களை ஜன்னல் பக்கம் தள்ளினாள். "அதுவும் ஒரு உசிருதானே மக்களே," என்றாள் என்னிடம். மறுநாள் முழுவதும் அவள் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. வீட்டுக்குள் உயிர் போனால் அவள் அப்படித்தான் செய்வாள். எனக்கும் சித்தப்பாவுக்கும் வழக்கம்போலப் பரிமாறிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. தெருக்கோடியில் காலி மனையில் வெட்டுக்கிளி நிறைய உண்டு. பிடித்து வந்து போடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் நான் ஒவ்வொரு முறை போடும்போதும் அவள் பட்டினி கிடப்பாள். அதனால் போடவில்லை. ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்து அடைத்தேன்.

அதன் பிறகு தாடிக்காரனின் முன்காலில் நடுக்கம் வந்தது. முதலில் விரல்கள் மட்டும் துடித்தன. பிறகு கை முழுவதும் விட்டுவிட்டு உதறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீடியோவில் வருவான். சித்தப்பா போனைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிப்பார். அந்த ஞாயிறு அண்ணன் அந்த ஊர்க் குளிருக்குத் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, அதுக்கு கை நடுங்குது," என்றேன். அவன் அழைக்கும்போது நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"எடா, அது நடுக்கமில்ல. கையாட்டுது. இதுங்களுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு, கேட்டியா. பெரியவங்களப் பாத்தா மரியாதைக்கு கையத் தூக்கி ஆட்டும். அம்மா, உனக்கு ஹாய் சொல்லுதம்மா."

அப்படி ஒரு பழக்கம் உண்டுதான். அவன் எங்கோ படித்ததும் சரிதான். சித்திக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு அருகே குனிந்து அவளும் கையை ஆட்டினாள். சித்தப்பா, போனைப் பிடித்திராத கையால், கொஞ்சம் வெட்கத்தோடு ஆட்டினார். அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து ஆட்டினான். அது உதறிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து கடைக்கு வரும் கணக்குப்பிள்ளை, பால்காரர், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் என்று யார் மாடியேறினாலும் தாடிக்காரனுக்குக் கையாட்டிவிட்டுப் போவார்கள். "இப்ப நல்லா அடங்கிட்டு, பிறாண்டுயதே இல்ல," என்று சித்தி எல்லாரிடமும் சொன்னாள்.

இப்போது யாராவது இப்படி ஒன்றை வளர்ப்பதைப் பார்த்தால் நான் முதலில் அதன் வயிற்றைத்தான் பார்ப்பேன். நடக்கும்போது வயிறு தரையிலிருந்து எழும்பியிருக்க வேண்டும். தலை நிமிர்ந்து, ஆள் அசைந்தால் கண் கூடவே வர வேண்டும். வால் தொடங்கும் இடம் சதைப்பற்றோடு உருண்டையாக இருக்கும். எலும்பு துருத்தினால் இரை போதவில்லை. தோலுரித்த பிறகு விரல் நுனியில் பழைய தோல் மோதிரம் போல இறுகி நின்றால் அந்த விரல் செத்துப்போகும், வெந்நீரில் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். எச்சத்தில் வெள்ளைப் பகுதி கல்லாக இறுகினால் தண்ணீர் போதவில்லை. கோபப்பட எதுவுமே இல்லாத நேரத்தில் தாடி கறுத்திருந்தால் எங்கோ வலி. இதில் ஒன்றுமே தெரியாமல்தான் அன்று அதன் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஈசலைத் துரத்தியதும் இதுவும் ஒரே பிராணியாகத் தோன்றவில்லை.

வாழைப்பழத்தை மசித்து விரலில் வைத்து ஊட்டப் பார்த்த காலையில் அதன் கீழ்த்தாடை என் விரலுக்கு வளைந்து கொடுத்தது. எலும்பு போல இல்லை. வேகவைத்த பனங்கிழங்கைத் தொட்டது போல இருந்தது. கீழே போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. "மழை விடட்டும் பாப்போம். அடங்கி நல்லாத்தானே கிடக்கு," என்றார். சித்தி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் மாடிக்குப் போய் என் பழைய பள்ளிச் சட்டையை மடித்துச் சோப்பு அட்டைப்பெட்டியில் விரித்து, தாடிக்காரனைப் படுக்க வைத்து, பின்படி வழியாக இறங்கினேன்.

மிருகாசுபத்திரியில் எனக்கு முன்னால் நாய்களும் ஒரு ஆடும் இருந்தன. ஆட்டுக்காரர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, ஓந்துக்கும், அதாவது ஓணானுக்கும், சிகிச்சையா என்று மலையாளத்தில் கேட்டு, பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதைக் கையில் எடுத்தார். தாடையைத் தொட்டார். முதுகெலும்பு வழியாக விரலை ஓட்டினார். பின்னங்காலை மெல்ல நீட்டிப் பார்த்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழும் மலையாளமுமாகக் கேட்க ஆரம்பித்தார். என்ன சாப்பிடுகிறது, பூச்சி உண்டா, வெயில் உண்டா, விளக்கு உண்டா. கீரை, இல்லை, ஜன்னல் வழியாக, அந்தியில் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு உண்டு, எலும்புக்கு வேண்டியது கண்ணாடியிலேயே நின்றுவிடும் என்றார். அந்தக் குழல் விளக்கு வெளிச்சத்துக்கு அல்ல, அதுதான் இதற்குச் சூரியன், பகல் முழுக்கத் தலைக்கு மேல் எரிய வேண்டும் என்றார். பசலைக்கீரை, இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாதாம். முருங்கையிலை கொடுத்திருக்கலாமாம். முருங்கை எங்கள் வீட்டுப் பின்முற்றத்திலேயே நின்றது.

"கையாட்டுதுன்னு சொன்னாங்க," என்றேன். "முன்ன பிறாண்டும். இப்ப ரொம்ப அடக்கமா ஆயிட்டுது."

அவர் அதை மேசைமேல் வைத்தார். கை உதறியது.

"கையாட்டினா மெதுவா, ஒரு வட்டம் சுத்தற மாதிரி ஆட்டும் மோனே. இது நடுக்கம். இது அடக்கமும் அல்ல. இதுக்கு வய்யா. அதான் சும்மா கிடக்குது."

உடம்புக்கு முடியவில்லை என்பதற்கு மலையாளத்தில் அந்த ஒரு சொல் போதும். வய்யா. நான் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதைக் கேட்டிருக்கிறேன். மேசையைப் பார்த்தபடி நின்றேன். ஏன் என்று தெரியாமல் அந்தச் சொல்லை எனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரத்தில் சுண்ணாம்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இப்போது எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நிழல் மாதிரிதான் தெரியும், இன்னும் கொஞ்சம் தாமதித்தால் நெஞ்சும் நடுங்கி நின்றுபோகும் என்றார். தினமும் மருந்து, பகல் முழுக்க விளக்கு, சுண்ணாம்புத் தூள் தூவிய பூச்சி, மூன்றும் வேண்டும். வீட்டில் முடியுமா என்று கேட்டார்.

மருந்து கொடுக்கலாம் என்றேன். பகல் விளக்கையும் கெஞ்சிக் கேட்டு எப்படியாவது எரிய வைக்கலாம். பூச்சி முடியாது. ஏன் என்று கேட்டார். சித்தி பட்டினி கிடப்பதைச் சொன்னேன். அவர் தாடிக்காரனைத் திரும்பப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். பிறகு கழக்கூட்டத்தில் ஒருவர் இரைப்பூச்சி வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார், அவரிடம் இதே ஜாதி இரண்டு உண்டு, விளக்கு உண்டு, கொண்டுபோ, நான் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றார். பஸ் எங்கே நிற்கும் என்பதையும் வாசல் வரை வந்து காட்டினார்.

பஸ்ஸில் கம்பெனிக்குப் போகும் பெண்கள் கழுத்தில் அட்டையோடு நின்றபடியே தூங்கினார்கள். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, உடம்புச் சூடு அதற்குப் போகும்படி குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டிருந்ததால் எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. அது உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர எதுவும் மனதில் ஓடவில்லை.

பூச்சிக்காரரின் இடம் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே, ஹாஸ்டல் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. நெருங்கும்போதே சத்தம் கேட்டது. ஆயிரக்கணக்கான சில்வண்டுகள் பட்டப்பகலில் இரைந்துகொண்டிருந்தன. லுங்கி கட்டிய, தலை நரைத்த மனிதர். பெட்டியை வாங்கியதும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் அதை ஒரு தொட்டியில் வைத்தார். செய்தித்தாள் விரித்த தரை. மேலே நீளக் குழல் விளக்கு, ஒரு ஓரத்தில் மட்டும் குண்டு பல்ப். சூடு வேண்டுமென்றால் அந்தப் பக்கம், வேண்டாமென்றால் இந்தப் பக்கம். அதற்கு நகர முடியவில்லை. அவரே சூட்டுப் பக்கம் திருப்பி வைத்தார். கொஞ்ச நேரத்தில் தாடியின் கறுப்பு வெளிறி மண்நிறம் திரும்பியது. மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் தோலுரித்து வெள்ளையாக, மெத்தென்று இருந்த ஒரு பூச்சியை இடுக்கியில் பிடித்தார். தாடை பலமில்லாததுக்கு இதுதான் தின்ன முடியும் என்றார். அதன் தலையை நசுக்கி, சுண்ணாம்புத் தூளில் புரட்டி, என்னிடம் நீட்டினார். "நீ குடு. உன் மணம் இதுக்குத் தெரியும்."

நான் வாங்கினேன். பூச்சியின் கால்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. தாடிக்காரனின் மூக்குக்கு முன்னால் பிடித்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு நாக்கு வெளியே வந்தது. மெல்லவே தெரியாததுபோல மென்று, விழுங்கி, கண்ணை மூடிக்கொண்டது.

சாயங்காலம் பூச்சிக்காரர் என்னிடம் எண் கேட்டுச் சித்தப்பாவை அழைத்தார். கொட்டகை இரைச்சலில் கேட்காது என்று வெளியே வந்து ஸ்பீக்கரில் போட்டு விவரம் சொன்னார். என்னைத் தேடியிருப்பார்கள், திட்டு விழும் என்று தள்ளி நின்றேன்.

"ஜந்து பத்திரமா இருக்கா?" என்றார் சித்தப்பா. "மகன் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்னு இங்க கெடந்து தவிக்கேன்."

இருக்கிறது, பையனும் இங்கேதான் இருக்கிறான் என்றார் பூச்சிக்காரர்.

"அவனுக்கென்ன. ரொம்ப அடக்கமான பிள்ளையாக்கும். வந்த நாள் தொட்டு ஒரு தொந்தரவு கிடையாது. இது வேணும் அது வேணும்னு வாய் தொறந்து கேக்கவே மாட்டான்."

டாக்டரம்மாவின் மேசையருகில் அந்தச் சொல்லை ஏன் எனக்கே சொல்லிப் பார்த்தேன் என்று அப்போது தெரிந்தது.

போன் கைமாறியது. பூச்சி கொடுத்தீர்களா என்று சித்தி கேட்டாள். கொடுத்தோம், இனி தினமும் கொடுக்க வேண்டும் என்றார். யார் கொடுத்தது என்று கேட்டாள். "பையன்தான். அவன் கையால குடுத்தாதான் தின்னுது."

போனில் மழைச் சத்தம் கேட்டது. இங்கே பெய்வதா அங்கே பெய்வதா என்று தெரியவில்லை.

"அப்போ அது அங்கயே நல்லாருக்கட்டும்," என்றாள். "இனி இங்க கொண்டாரண்டாம். மகன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்." பிறகு, "அதுக்கு அவன் கையால குடுத்தாதான் ஆகுமின்னா, அவனும் கொஞ்ச நாள் அங்க நிக்கட்டும். இங்க இருந்து கையால உசிரக் கொல்ல அவனுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். ஸ்கூலும் இல்லியே." போனை வைக்கப் போனவள், "குளிச்சிட்டு சாப்பிடச் சொல்லுங்க," என்றாள்.

அவள் என்னைத் துரத்தவில்லை. கோபப்படவும் இல்லை. அந்த வீட்டில் எதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு, அதில் எனக்கு வந்த இடம் அது. கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் மழையிலேயே குளித்தேன். பூச்சிக்காரர் தந்த புரோட்டாவைத் தின்றேன். முட்டை அட்டைகள் அடுக்கியிருந்த பெஞ்சுக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்தேன். வண்டுகளின் இரைச்சலில் நான் அழுதது எனக்கே கேட்கவில்லை.

தாடிக்காரன் பிழைத்தது. கேட்பவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நடுக்கம் நின்றது. வயிற்றைத் தூக்கி நடக்க ஆரம்பித்தது. தாடை மட்டும் ஒரு பக்கம் கோணியபடியே இறுகிவிட்டது. அது நேராகாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அண்ணன் திரும்பி வந்ததும் ஒரு தடவை வந்து பார்த்தான். வாய் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டான். இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் அந்த முதல் காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. விழித்ததும் தொட்டியைத்தான் பார்த்தேன். குழல் விளக்கு அதற்குள் எரிய ஆரம்பித்திருந்தது. அது அதே இடத்தில் கிடந்தது, வயிறு ஏறி இறங்கியது. பூச்சிக்காரர் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் கேரட் துருவலையும் என் முன்னால் வைத்தார். இங்கே நிற்பதென்றால் சும்மா நிற்க முடியாது, வேலை செய்கிறாயா என்று கேட்டார். செய்கிறேன் என்றேன். வேலை கடினமில்லை. முட்டை அட்டைகளுக்கு இடையில்தான் வண்டுகள் வாழும். ஒவ்வொரு அட்டையாக எடுத்து வாளிமேல் கவிழ்த்துத் தட்ட வேண்டும். செத்ததைக் களைந்து, வெள்ளையாக இருப்பதைத் தனியே பொறுக்கி, மிச்சத்துக்குக் கேரட் போட வேண்டும். இவை நன்றாகத் தின்றால்தான் இவற்றைத் தின்பது தேறும் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

முதல் அட்டையைத் தட்டினேன். இரண்டாவதைத் தட்டினேன். கைமேல் ஏறியவற்றை உதறினேன். பிறகு அவர் இருந்த பக்கம் திரும்பி, வண்டுச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, "எனக்குப் பசிக்குது," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த வரிசைய முடிச்சிட்டு வா. சாயா போடறேன்."

முடித்துவிட்டுப் போனேன்.